மூணு மூஞ்சிப் பலகை

உக்காருங்க மேடம். அந்த நாற்காலி வேண்டாம், அதுல ஒரு கால் ஆடும், கட்டில்லயே உக்காருங்க. விரிப்பு நேத்துத்தான் மாத்தினேன். இதுதான் என் ரூமு. பதினாலு வருஷமா இதுதான். ஜன்னலத் தொறந்தா மாடிப்படி தெரியும், கதவத் தொறந்தா கேட்டு தெரியும். யாரு ஏறுனா, யாரு எறங்குனா, எல்லாம் இங்ஙன இருந்தே பாத்துக்கிடலாம். இருபத்தேழு பொம்பளப் பிள்ளைங்க இருக்க எடத்துல வார்டன் ரூமு இப்படித்தான் இருக்கணும்.

அந்தோணியம்மா, மேடத்துக்கு ஒரு டீ. எனக்கும் சேத்து. சீனி கம்மியா.

எழுதிக்கிடுங்க. பேரு ஆவுடையம்மாள். வயசு அம்பத்தி நாலு. துணைக்கரம் பெண் பிள்ளைகள் காப்பகம், பாளையங்கோட்டை, மூத்த வார்டன். மாவட்ட ஆபீஸ்லருந்து வருவாங்க, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னு செக்ரட்டரி சார் சொல்லிட்டுத்தான் போனாரு. எனக்கு அப்படிப் பிச்சுப் பிச்சுப் பேச வராது. முழுசாச் சொல்லுதேன், உங்களுக்கு வேணுங்கிறத எழுதிக்கிடுங்க.

நடந்தது ஒரே வரிதான். போன மாசம் பதினெட்டாம் தேதி, மத்தியானச் சாப்பாட்டு நேரம். முப்பிடாதி, இங்க ரெண்டாவது வார்டன், சோத்துக் கரண்டியால வேணிங்கிற பிள்ளைய அடிச்சுட்டா. புருவத்துல மூணு தையல். வார்டன் பிள்ளை மேல கை வைக்கக் கூடாது, அது சட்டம். அன்னைக்கே அவள நிறுத்தியாச்சு. இப்போ நீங்க எழுதிட்டுப் போறத வச்சுத்தான் முடிவு, இனிமே எந்தக் காப்பகத்துலயும் பிள்ளைங்க பக்கத்துல அவளச் சேக்கலாமா கூடாதான்னு. அப்படித்தானே? கூடாதுன்னே எழுதுங்க. எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. அவ இந்த வேலைக்கு லாயக்கில்லாதவ.

ஏட்டி, யாரது படியில? ஓடாத. சொல்லிட்டேன்.

ஏன் லாயக்கில்லன்னு கேக்கீங்களா? அதுக்குக் கொஞ்சம் முன்னால இருந்து வரணும். போன வருஷம் ஆடி மாசம். வெளிநாட்டுலருந்து நமக்கு உதவுத ஆளுங்க ஒரு கேள்வி கேட்டாங்களாம். பிள்ளைங்கள நீங்க பாத்துக்கிடுதீங்க, சரி, உங்க ஆளுங்கள யாரு பாத்துக்கிடுதான்னு. ஊழியர் நலனாம். எங்க செக்ரட்டரி சார் எதையும் அரைகுறையாச் செய்ய மாட்டாரு. அடுத்த வாரமே கோயம்புத்தூர்லருந்து ஒரு பொண்ண வரவழைச்சுட்டாரு. காலுல வெள்ள ஷூ, கழுத்துல விசிலு. அது வந்து எங்களுக்கு நிம்மதி சொல்லிக் குடுக்கப் போகுதாம்.

எல்லாரையும் முத்தத்துல வட்டமா நிக்க வச்சா. நான், முப்பிடாதி, கவுன்சிலர் ரெஜினா, சமையல் அந்தோணியம்மா, வாட்ச்மேன் சுடலை. கையத் தூக்கிச் சத்தமாச் சிரிங்கன்னா. என்னத்துக்குச் சிரிக்கணும்னு நான் கேட்டேன். காரணம் இல்லாமச் சிரிக்கணும், அதுதான் மருந்துங்கா. காரணம் இல்லாமச் சிரிக்கிற ஆளுங்கள எங்க ஊருல வேற எடத்துல கொண்டு விடுவாங்க. மாடி ஜன்னல் பூராவும் பிள்ளைங்க தலை. பதினாலு வருஷமா என் நெழல் விழுந்தா எந்திச்சு நிக்கிற பிள்ளைங்க, அன்னைக்கு என்னப் பாத்து வாயப் பொத்திக்கிட்டு நிக்காளுக. அத்தோட விட்டாளா? ஆளுக்கு ஒரு பலூனக் குடுத்து, உங்க கவலைய இதுல எழுதி உடைச்சிருங்கன்னா. சுடலைக்கு எழுதத் தெரியாது. அவரு பலூன மடிச்சு மடியில வச்சுக்கிட்டு, பேத்திக்கு ஆகும்னு கொண்டு போயிட்டாரு. அன்னைக்கு அந்த வட்டத்துல நின்ன ஆளுங்கள்ல புத்தியுள்ளவரு அவரு ஒருத்தருதான்.

நான் ஒண்ணும் எழுதல. எனக்கு என்ன கவலை? வெறும் பலூனத்தான் உடைச்சேன்.

டீய எடுத்துக்கிடுங்க. டம்ளரு சூடு, நான் ஆற வச்சுக் குடிக்கேன். கொஞ்ச நாளா எனக்குச் சூடு தாங்க மாட்டேங்குது.

அந்தக் கோயம்புத்தூர்ப் பொண்ணு போகும்போது ஒரு பலகைய மாட்டிட்டுப் போனா. வரும்போது பாத்திருப்பீங்களே, ஆபீஸ் வாசல்ல, மூணு மூஞ்சி வரைஞ்சது. பச்சையில ஒண்ணு சிரிக்கும், மஞ்சள்ல ஒண்ணு உம்முனு இருக்கும், சிவப்புல ஒண்ணு அழும். ஆளுக்கு ஒரு துணிக் கிளிப்பு, அதுல பேரு. காலைல வேலைக்கு வந்ததும் அவங்கவங்க மனசு எப்படி இருக்கோ அந்த மூஞ்சிக்குக் கீழ கிளிப்ப மாட்டணும். சாயங்காலம் அந்தோணியம்மா எல்லாத்தையும் கழத்தி பிஸ்கட் டப்பாவுல போட்டு வைப்பா. மறுநாள் காலைல மறுபடியும் மாட்டணும். நான் பள்ளிக்கூடத்துல படிக்கும்போது கூட இப்படி வெளாடுனது கெடையாது.

அதுல ஒரு சட்டமும் வச்சாங்க. சிவப்புல எவளாவது மாட்டுனா, ரெஜினா அன்னைக்கே அவள உக்கார வச்சுப் பேசணும். பேசி முடிச்சு வீட்டுக்கு அனுப்பணும். மறுநாளும் ஓய்வு. பதிலுக்கு வள்ளியூர்ல இருக்க நம்ம இன்னொரு இல்லத்துலருந்து ஒரு ஆளு வரும். ரெஜினா ஒன்பதரைக்கு வருவா. பத்து மணிக்குப் பலகையப் பாத்து, யாரு பச்சை, யாரு மஞ்சள்னு ஒரு நோட்டுல எழுதுவா. படிச்ச படிப்பு அதுக்குத்தான் ஆகுது. சாம்பாருல உப்பு இல்லன்னு அந்தோணியம்மாகிட்ட சொல்லப் போனாக்கூட, அப்படிச் சொல்லும்போது உங்களுக்கு உள்ள எப்படி இருக்குன்னு கேக்கிற பிள்ளை அது.

நான் லீவே போடாத ஆளு மேடம். பதினாலு வருஷத்துல மொத்தம் அஞ்சு நாள். எங்க அம்மா செத்ததுக்கு மூணு. தம்பி மக கல்யாணத்துக்கு ரெண்டு. அதுலயும் ரெண்டாவது நாளு விடியவும் பஸ் ஏறிட்டேன். கல்யாண வீட்டுல எல்லாரும் படுத்த பெறகு நான் எந்திச்சுப் போயி, பாய் பாயா ஆள எண்ணிக்கிட்டு நின்னேன்னு தம்பி பெண்டாட்டி ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கா. எண்ணாம எப்படித் தூக்கம் வரும்? அவளுக்கு என்ன தெரியும், ரெண்டு பிள்ளை பெத்தவ. நான் இருபத்தேழு பேர எண்ணுதவ.

முப்பிடாதிக்கு வாரேன். நாங்குநேரிப் பக்கம். இருபத்தொன்பது வயசு. புருசன் டவுனுல மோட்டார் மெக்கானிக்கு. காலைல ஆறரைக்கு வருவா, சாயங்காலம் ஆறு மணிக்குப் போவா. ராத்திரி நான். வந்து நாலு வருஷம் ஆச்சு. வேலை செய்வா, இல்லன்னு சொல்ல மாட்டேன். பிள்ளைங்களுக்கு ஈரு எடுப்பா, பேன் பாப்பா, ராத்திரி கனவுல என்ன வந்துதுன்னு ஒவ்வொருத்திகிட்டயும் கேட்டுட்டு இருப்பா. கனவையெல்லாம் கேட்டா அவளுக எப்போ பள்ளிக்கூடம் கெளம்புறது? எல்லாரும் அவளுக்கு இளகின மனசு, இளகின மனசும்பாங்க. என்னக் கேட்டா அது ஒரு சீக்கு. இங்க வார பிள்ளைங்க எப்படி வருதுகன்னு உங்களுக்குத் தெரியாததா? ஸ்டேஷன்ல பிடிச்சது, வீட்டுல அடி தாங்காம ஓடி வந்தது, மாமங்காரனுக்குக் கட்டி வைக்கப் பாத்தது. ஒவ்வொண்ணுக்கும் அழ ஆரம்பிச்சா கண்ணுல தண்ணி மிஞ்சுமா? நான் வந்த முதல் வருஷத்தோட அத நிறுத்திட்டேன். அதுக்குப் பெறகு ஒரு சொட்டு கெடையாது, எங்க அம்மாவுக்குக் கூட.

பலகை மாட்டுன புதுசுல முப்பிடாதி ஒரு நாள் சிவப்புல மாட்டுனா. அவ வயித்துல இருந்தது ரெண்டு மாசத்துல கலைஞ்சு போச்சு, அதுக்கு. ரெஜினா பேசுனா, ரெண்டு நாள் ஓய்வு குடுத்தாங்க. திரும்பி வரும்போது மூஞ்சி தெளிஞ்சு வந்தா, ஒரு பை நெறைய சப்போட்டா கொண்டு வந்தா. சரி. ஆனா அந்த ரெண்டு நாள் இங்க என்ன நடந்துதுன்னு கேளுங்க. வள்ளியூர்லருந்து ஒரு மகராசி வந்தா. கையில எப்பவும் போனு. மொட்டை மாடிக் கதவப் பூட்டல. ஒரு பிள்ளை தண்ணித் தொட்டி மேல ஏறி நிக்கி. சுடலையும் நானும் கெஞ்சி எறக்குனோம். எறக்கி முடிச்சு நானே கதவப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன். அன்னைக்கு முடிவு பண்ணேன், இந்த வீட்டுல இனிமே சிவப்பு தொங்கக் கூடாதுன்னு.

அது மட்டும் இல்ல. சிவப்பு தொங்குனா செக்ரட்டரி சார் யாரக் கேப்பாரு? என்னத்தான். ஆவுடையம்மா, உங்க இல்லத்துல என்ன பிரச்சினை, வள்ளியூர்ல எல்லாம் பச்சையா இருக்கேன்னு மீட்டிங்குல எல்லாரு முன்னாலயும் கேட்டாரு. எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துது.

பெறகு இந்த வேணி விவகாரம். பதினஞ்சு வயசு. கடையம் பக்கம். ஒரு வருஷம் இங்க இருந்தா, நல்லாப் படிச்சா. அம்மா வந்து அழுது எழுதிக் குடுக்கவும் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்துது. அனுப்பாதீங்கன்னு முப்பிடாதி தலைகீழா நின்னா. நாலு பக்கம் எழுதிக் குடுத்தா. அவ எழுதுனத யாரு படிச்சா? அனுப்பியாச்சு. மூணாவது வாரம் அந்தப் பிள்ளைய முப்பத்தாறு வயசுக்காரனுக்குக் கட்டி வச்சுட்டாங்க. உங்க ஆபீஸ் ஆளுங்க போயி மீட்டு மறுபடி இங்கயே கொண்டு விட்டாங்க. வந்தவளுக்குப் பேச்சு இல்ல. ஒரு வார்த்தை பேசல. சோறு வச்சா தட்டத் தள்ளி விட்டுட்டுச் சுவரப் பாத்து உக்காந்துக்கிடுவா.

முப்பிடாதி அவ பக்கத்துலயே கெடந்தா. மூணு வேளையும் பெசஞ்சு பெசஞ்சு ஊட்டப் பாப்பா. அது துப்பும். இவ மறுபடி பெசைவா. நான் சொன்னேன், ஏட்டி, பசிச்சா தானாத் திங்கும், எந்திச்சு வான்னு. அதுக்கு முப்பிடாதி, நான் அவள வீட்டுக்கு அனுப்பாதீங்கன்னு இன்னும் ரெண்டு பக்கம் எழுதியிருக்கணும் யக்கான்னு சொல்லுதா.  கிறுக்குப் பிடிச்சவகிட்ட பேசுத மாதிரி இருந்துது.

அப்போ ஆரம்பிச்சுது. காலைல ஆறரைக்கு வருவா, டப்பாவுலருந்து கிளிப்ப எடுப்பா, சிவப்புல மாட்டுவா, மாடிக்குப் போயிருவா. நான் ஆபீஸத் தொறந்து பெருக்குத நேரம் அது. ஒரு நாள் இல்ல, ரெண்டு நாள் இல்ல, பத்தொன்பது நாள். தேதி வேணும்னா சொல்லுதேன். பிப்ரவரி இருபத்தேழுல ஆரம்பிச்சு, அடிச்ச அன்னைக்கு முந்தின நாள் வரைக்கும். ஞாயித்துக் கெழம கூட விடல. அவ படியேறி முடிக்கவும் நான் அத எடுத்துப் பச்சையில மாட்டிருவேன். துடைப்பத்த வச்சுட்டு ஒரு நிமிசத்துல ஆகிற வேலை. பகல்ல அவளுக்கு ஆபீஸ் பக்கம் வேலை கெடையாது, சாயங்காலம் அவ கெளம்புததுக்குள்ள அந்தோணியம்மா கழத்திருவா.

யாரு மாத்துனதுன்னா? நாந்தான் மேடம். வேற யாரு செய்வா? ஒரு மூத்த வார்டன்னா இதெல்லாம் பாக்கணும்லா. அவ மாட்டுனத அப்படியே விட்டா அன்னைக்கே வள்ளியூர் மகராசி வந்து நிப்பா. வேணி இருக்க நெலைமையில மாடிக் கதவ ஒரு நாள் தொறந்து போட்டா என்ன ஆகும்? அத யாரு யோசிச்சா? முப்பிடாதி யோசிச்சாளா? அவளுக்கு அவ மனசுதான் பெருசு.

ஒரு தடவை என்கிட்டயே வந்து கேட்டா. யக்கா, நான் தெனமும் சிவப்புல மாட்டுதேன், போன தடவை உடனே கூப்பிட்டாங்க, இப்போ ஏன் ஒருத்தரும் கூப்பிட மாட்டேங்காங்கன்னு. நான் சொன்னேன், ஏட்டி, அதெல்லாம் சுவத்துக்கு அழகுக்கு மாட்டி வச்சது, அதப் போயி நம்பிக்கிட்டு இருக்கியா, போயி வேலையப் பாருன்னு.  சரி யக்கான்னு போயிட்டா. ரெஜினாகிட்ட நேரடியாக் கேட்டிருக்கலாம்லா? கேக்க மாட்டா. கேட்டு வாங்குனா அது ஆறுதலாங்கிற வீம்பு. தெரிஞ்சும் யாரும் கூப்பிடலன்னு அவளா நெனச்சுக்கிட்டா. அதுக்கு நான் என்ன செய்ய?

அந்தப் பதினெட்டாம் தேதி நான் சாப்பாட்டுக் கூடத்துலதான் நின்னேன். புளிக்குழம்பு, முட்டைக்கோஸ் பொரியல். முப்பிடாதி வரிசையாப் போட்டுக்கிட்டு வாரா. வேணி தட்டத் தள்ளுச்சு. இவ மறுபடி பக்கத்துல நகத்தி வச்சா. அது மறுபடி தள்ளுச்சு. தட்டு கீழ விழுந்து சோறெல்லாம் சிதறிப் போச்சு. இவ கையில இருந்த கரண்டி ஒரு தடவை மேல போயி வந்துது, அவ்வளவுதான். சத்தம் கூடப் பெருசா இல்ல. பெறகு பாத்தா பிள்ளை மூஞ்சியில ரெத்தம். இவ கரண்டியப் போட்டுட்டு, தன் சேலைய வச்சு அமுக்கிக்கிட்டு, அந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ரோட்டுல ஓடுதா. பதினஞ்சு வயசுப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடுதா மேடம். ஆட்டோ பிடிக்கணும்னு கூடத் தோணல.

திரும்பி வந்து என்ன செஞ்சா தெரியுமா? சம்பவப் பதிவேடுன்னு ஒண்ணு இருக்கு, அத எடுத்து, நான் அடித்தேன்னு அவ கையாலயே எழுதிட்டா. நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டு. நான் தடுத்தேன். சோத்துல வழுக்கி விழுந்துதுன்னு எழுதுடி, நான் பாத்தேன்னு சொல்லுதேன், வேணி பேசவா போறான்னேன். என்ன ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வைய என்னால சகிக்க முடியல. நாலு வருஷமா யக்கா யக்கான்னு சுத்துனவ, ஏதோ அசிங்கத்தப் பாத்த மாதிரி பாக்கா. கூறுகெட்டவ. நல்லது சொன்னவளப் பாக்கிற பார்வையா அது?

செக்ரட்டரி சார் விசாரிச்சாரு. ஆபீஸ் ரூமுல எல்லாரும் இருந்தோம். ஏன் அடிச்சேன்னு கேட்டாரு. முடியல சார், பத்தொன்பது நாளா முடியலன்னு சிவப்புல மாட்டுனேன், நீங்க யாரும் பாக்கலங்கா. ரெஜினா நோட்ட எடுத்துக் காட்டுனா. பத்தொன்பது நாளும் பச்சை. ரெஜினா கைப்பட எழுதுனது. தப்பும் பண்ணிட்டுப் பொய்யும் சொல்லுதியான்னு சார் மேசையத் தட்டுனாரு. முப்பிடாதி அந்த நோட்டப் பொரட்டிப் பொரட்டிப் பாத்தா. பெறகு என்னப் பாத்தா. நான் ஜன்னலப் பாத்தேன், வெளிய கொடியில துணி காஞ்சுக்கிட்டு கெடந்துது.

என்கிட்ட யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்காத கேள்விக்குப் பதில் சொல்லுத பழக்கம் எனக்கு இல்ல.

ஏன் மேடம் எழுதுறத நிறுத்திட்டீங்க? மையி தீந்துட்டா? என் மேசையில பேனா இருக்கு, எடுத்துக்கிடுங்க.

என் கிளிப்பா? என் கிளிப்பு எப்பவும் பச்சைதான். நோட்டப் பாருங்க, ஒரு நாள் மாறியிருக்காது. ஆபீஸத் தொறந்ததும் மாட்டிருவேன். சில நாளு பாக்காம மாட்டும்போது கையி சிவப்புப் பக்கம் போயிரும். அந்தப் பக்கம்தான் சுவிட்சு இருக்கு, வெளிச்சம் வரதுக்கு முன்னாடி கையி அங்ஙனதான் போகும். மாட்டிட்டு அப்படியே கொஞ்ச நேரம் நின்னுட்டு இருப்பேன், பெருக்கணும்லா, எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னு யோசிச்சுக்கிட்டு. பெறகு எடுத்துப் பச்சையில மாட்டிருவேன். எத்தன நாளுன்னு யாரு எண்ணுனா? இருக்கும், ஒரு நாலு மாசம், அஞ்சு மாசம். அதுக்கும் முப்பிடாதிக்கும் என்ன சம்பந்தம்? அதையெல்லாம் எதுக்கு எழுதுதீங்க?

படிச்சுக் காட்டணுமா? காட்டுங்க.

ம்.

ம். சரிதான்.

எங்க, அந்த எடத்த மறுபடி படிங்க. “மேற்படி முப்பிடாதி என்பவர் பத்தொன்பது நாட்களும் தமது கிளிப்பைச் சிவப்பில் மாட்டியதை நான் நேரில் பார்த்தேன். அதனை ஒவ்வொரு நாளும் நானே பச்சைக்கு மாற்றினேன்.” இப்படியா சொன்னேன்?

சொன்னதத்தான் எழுதியிருக்கீங்க. நீங்க ஒண்ணும் கூட்டல. நான் பேசும்போது இவ்வளவு பெருசாத் தெரியல. எழுத்துல பாத்தா வேற யாரோ செஞ்ச மாதிரி இருக்கு. அந்த வரிய மட்டும் அடிச்சிர முடியாதா மேடம்? அடிச்ச விவகாரத்தக் கேக்கத்தானே வந்தீங்க, கிளிப்பக் கேக்கவா வந்தீங்க?

புரியுது. புரியாம என்ன? இதுல நான் கையெழுத்துப் போட்டா அவ பொய் சொல்லலன்னு ஆயிரும். அடிச்சதுக்கு உண்டான தண்டனையோட விட்டுருவாங்க, மறுபடி பிள்ளைங்களோட வேலை பாக்கலாம். என் மேல விசாரணை வரும். விசாரணை முடியுத வரைக்கும் நான் காப்பகத்துல தங்கக் கூடாது. போடலன்னா நோட்டு இருக்கு, பச்சை இருக்கு, நான் இந்த ரூமுல இருப்பேன். அவ எதாவது துணிக்கடையில பில்லுப் போட்டுக்கிட்டு இருப்பா. அதத்தானே சொல்ல வாரீங்க? நேராச் சொல்லுங்க. எல்லாரும் என்கிட்ட மட்டும் சுத்தி வளைக்கிறீங்க.

எனக்குத் தம்பி வீடு இருக்கு, போறதுக்கு எடம் இல்லாம இல்ல. ஆனா அங்க எண்ணுததுக்கு நாலு பேருதான்.

இன்னொண்ணு சொல்லுதேன், இத எழுதாதீங்க. முந்தாநாள் மத்தியானம் வேணிக்குச் சோறு நான் கொண்டு போனேன். முப்பிடாதி போனதுலருந்து அதுக்குக் கஞ்சித் தண்ணிதான் எறங்குது. நான் பெசஞ்சேன். எனக்குப் பெசையத் தெரியல, வேகமாப் பெசைஞ்சுட்டேன் போல. அது என் கையவே பாத்துக்கிட்டு இருந்துது. ரெண்டு மாசமா வாயத் தொறக்காத பிள்ளை, அக்கா எப்போ வரும்னு கேட்டுது. தையல் பிரிச்ச தழும்பு கூட இன்னும் மங்கல மேடம். அடி வாங்கினவ கேக்கா. மானங்கெட்டது. வாங்கின அடி மறந்து போச்சா உனக்குன்னு கேட்டேன். அதுக்கு அந்தப் பிள்ளை என்ன சொல்லுச்சு தெரியுமா? அக்கா என்னத் தூக்கிக்கிட்டு ஓடும்போது அழுதுது, அதனாலதான் கேக்கேன்னுது.

நான் தட்டக் கீழ வச்சுட்டு எந்திச்சு வந்துட்டேன். அழுதா பெரிய இதுவா? அழத் தெரிஞ்சா போதுமா? பதினாலு வருஷமா ராத்திரி முழிச்சு இவளுகள எண்ணுனவ நானு. என்ன எவளாவது எப்போ வருவேன்னு கேட்டிருக்காளா? நான் எங்கயாவது போனாத்தானே கேக்கதுக்கு.

கொடுங்க அந்தப் பேனாவ.

எங்க போடணும், இங்ஙனயா? ஒவ்வொரு பக்கத்துலயுமா? நல்ல வேலை உங்களுக்கு.  இந்தா, போட்டாச்சு. அவளுக்காகப் போட்டேன்னு நெனச்சுக்கிடாதீங்க. இளகின மனசுக்காரி எவளோ வந்து நல்ல பேரு வாங்கட்டும், எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. அந்தப் பிள்ளை திங்கணும், அதுக்குத்தான்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன் மேடம். வள்ளியூர்க்காரிய அனுப்பாதீங்க. சாவி மொத்தம் பதினொண்ணு, மாடிக் கதவுக்கு ரெண்டு, எது எதுக்குன்னு முப்பிடாதிக்குத்தான் தெரியும். அவ கையில குடுத்துட்டுப் போயிருதேன். உத்தரவு வந்து அவ வேலையில சேர நாளாகும்லா? பத்து நாள் ஆகுமா? பதினஞ்சு? அது வரைக்கும் ராத்திரிக்கு மட்டுமாவது நான் இங்க இருக்கலாம்லா மேடம்?